இரக்கத்திற்கும் பயிற்சி வேண்டும்

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்கைச் சேர்ந்த பொதுநிலையினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

 

பொன்விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவித் தொண்டைப் பற்றி நீங்கள் பேச வேண்டும்" என்று கேட்டபோது நான் தயங்கினேன். நான் பேச்சாளன் அல்லன். முப்பது ஆண்டுகள் பேருந்து நடத்துனராக இருந்து, "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தியதுதான் நான் செய்த ஒரே சொற்பொழிவு. ஆயினும் ஒப்புக்கொண்டேன். காரணம், இந்தப் பொருளைப் பற்றி நம் பங்கு மக்களிடம் நான் சொல்லித் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று உண்டு. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

சாலையோரத்தில் ஓர் இரவு

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், 108 வண்டி நம் மாநிலத்துக்கு வராத காலம். ஆகஸ்ட் 29-ம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேற்றத்தைக் காண, வழக்கம்போல நம் பங்கிலிருந்து காவி உடுத்தி நடைப்பயணம் புறப்பட்டோம். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பது அன்றும் வழக்கம். திருவாரூரைத் தாண்டி, செபமாலை சொல்லிக்கொண்டு போகும்போது, பின்னால் வந்த ஒரு வேன் எங்கள் வரிசையின் ஓரத்தில் இருந்த ஒருவர்மேல் மோதிவிட்டுப் போய்விட்டது. அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணன் என்றே அழைப்பேன். அவருடைய குடும்பத்தார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன்.

தொடையில் ஆழமான வெட்டு. இரத்தம் கொட்டியது. நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். நாற்பது பேரும் அவரை நேசித்தவர்கள். ஒருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் விசிறினார். பெண்கள் கதறினார்கள். சிலர் முழந்தாளிட்டுச் செபித்தார்கள். நான் வண்டி ஏதாவது வருகிறதா என்று சாலையில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தேன். இரத்தம் வருகிற இடத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

அப்போது ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். யார், எவர், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டை உருவி, நாலாக மடித்து, காயத்தின்மேல் வைத்து, தம் உடல் பாரம் முழுவதையும் உள்ளங்கையில் கொடுத்து அழுத்தினார். "படுக்க வையுங்கள், தலையைத் தூக்காதீர்கள்" என்று அதட்டினார். அவருடைய லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி நான் அழுத்திப் பிடித்திருந்தேன். மருத்துவமனையில் அண்ணனை உள்ளே கொண்டு போனார்கள். சிறிது நேரத்தில் மருத்துவர் வெளியே வந்து, "இவ்வளவு இரத்தம் போகும்வரை யாரும் அழுத்திப் பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். பிறகுதான் அண்ணன் போய்விட்டார் என்று சொன்னார்.

அன்புக்குரியவர்களே, இனி என் கடனைச் சொல்கிறேன். நடத்துனர் உரிமம் வாங்க வேண்டுமானால் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். நானும் இளம் வயதில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் வகுப்புக்குப் போனவன். பாடம் நடத்தியவர் ஒழுங்காகவே நடத்தினார். நான்தான் சான்றிதழுக்காக உட்கார்ந்திருந்தேனேயன்றிக் கற்பதற்காக உட்காரவில்லை. சான்றிதழ் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. துண்டு என் தோளில் இருந்தது. கை மட்டும் அசையவில்லை. அழுத்திப் பிடித்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார். அழுத்திப் பிடிக்கவில்லை என்பதை நான் அறிவேன். அந்த ஆண்டுதான் மறுபடியும் போய் முதல் பாடத்திலிருந்து கற்றேன். அன்று முதல் தொண்டனாக இருந்து வருகிறேன்.

எருசலேமில் பிறந்த பணி

நான் சேர்ந்திருக்கும் இந்த அமைப்பின் வேர் எங்கே இருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அது யாத்திரிகர்களுக்காகப் பிறந்த பணி.

பதினோராம் நூற்றாண்டில், இத்தாலி நாட்டின் அமால்ஃபி நகர வணிகர்கள், திருநாடு காண வரும் ஏழை யாத்திரிகர்களுக்காக எருசலேமில் ஒரு விடுதியை ஏற்படுத்தினார்கள். நடந்து களைத்தவர்களும் நோயுற்றவர்களும் அங்கே தங்கினர். முத்திப்பேறு பெற்ற ஜெரார்டு என்பவர் அதன் பொறுப்பை ஏற்று நடத்தினார். ஸ்நாபக அருளப்பரைப் பாதுகாவலராகக் கொண்ட அந்தச் சகோதரர் குழுவை 1113-ம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் பாஸ்கால் துறவற சபையாக அங்கீகரித்தார். ஆங்கிலத்தில் "செயின்ட் ஜான்" என்பதும், நம் முன்னோர் "அருளப்பர்" என்றதும் ஒருவரையே. ஆகவே இது நம் வீட்டுப் பெயர்தான்.

அங்கே நோயாளியை அடைக்கலம் தேடி வந்தவனாக நடத்தவில்லை. வீட்டுத் தலைவனாக நடத்தினார்கள். அவனுக்குப் பணிசெய்பவர் ஊழியர். ஜெரார்டுக்குப் பின் வந்த ரேமோன் தெ புய் வகுத்த சபை ஒழுங்குகளிலேயே இந்த எண்ணம் இடம்பெற்றது. 1160-களில் அங்கே சென்று வந்த வூர்ஸ்பர்க் நகரத்து யோவான் என்ற குரு, அந்த இல்லத்தில் ஈராயிரம் நோயாளிகள்வரை இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். வந்தவர் கிறிஸ்தவரா, யூதரா, முஸ்லிமா என்று பார்த்துக் கதவு திறக்கும் வழக்கம் அங்கே இல்லை.

பிற்காலத்தில் அந்தச் சபையார் ஆயுதமும் ஏந்தினர்; சிலுவைப் போர்களில் ஈடுபட்டனர்; ரோட்ஸ் தீவிலும், 1530 முதல் மால்டா தீவிலும் ஆண்டனர். அந்த வரலாற்றில் நாம் பெருமைப்பட முடியாத பக்கங்களும் உண்டு. ஆனால் நோயாளிக்குச் செய்த பணி மட்டும் எல்லாவற்றையும் தாண்டி நிலைத்தது. கத்தோலிக்க மால்டா சபை இன்றும் உரோமையைத் தலைமையிடமாகக் கொண்டு நோயாளருக்குப் பணி செய்து வருகிறது.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி அந்தச் சபையைக் கலைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அதே பெயரில் புதிதாக ஒரு சபை எழுந்தது. இயந்திரங்களும் இரயில் பாதைகளும் சுரங்கங்களும் பெருகிய காலம் அது. தினமும் தொழிலாளர் கை கால் இழந்தார்கள். மருத்துவர் வருமுன்பே பலர் இறந்தார்கள். அப்போது ஓர் எளிய எண்ணம் பிறந்தது. மருத்துவர் வரும்வரை பக்கத்தில் நிற்கும் தொழிலாளியே உயிரைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டால் என்ன? அந்த எண்ணத்தோடு 1877-ல் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தோன்றியது. 1878-ல் லண்டனை அடுத்த ஊல்விச்சில் இராணுவ மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டு பொதுமக்களுக்கு முதல் வகுப்புகளை நடத்தினார். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில் அவர் இறந்தார். ஆனால் அவர் எழுதிய சிறு கையேடு பிழைத்தது. 1887-ல் கற்றவர்கள் அணியாகத் திரண்டு, சீருடை அணிந்து, கூட்டங்களிலும் விழாக்களிலும் நிற்கும் தொண்டர் படை உருவாயிற்று.

நம் நாட்டில் இன்று அந்தச் சிலுவைச் சின்னத்தை அணிந்து பணியாற்றுபவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்; முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. அதை யாரும் ஒரு வினோதமாக எண்ணுவதில்லை. எருசலேமின் பழைய கதவு இன்னும் திறந்தே இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

எட்டு முனைகள்

அந்தச் சின்னத்தைப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை. நான்கு கரங்களும் விவேகம், நீதி, தன்னடக்கம், திடம் என்னும் நான்கு தலையாய புண்ணியங்களைக் குறிக்கும். எட்டு முனைகளும் மலைப்பொழிவில் ஆண்டவர் அருளிய எட்டுப் பேறுகளைக் குறிக்கும். நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகளுக்கு இது எளிதில் புரியும்.

முதலுதவி கற்பிப்பவர்கள் அந்த எட்டு முனைகளுக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். முதலுதவி செய்பவனுக்கு வேண்டிய எட்டுப் பண்புகள் அவை. கூர்ந்து கவனித்தல், பக்குவமாகப் பேசிப் பழகுதல், கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தல், கைத்திறன், தெளிவாகச் சொல்லுதல், எது முக்கியம் எனப் பகுத்தறிதல், விடாமுயற்சி, இரக்கம்.

எட்டில் ஒன்றுதான் இரக்கம். அன்றிரவு சாலையில் எங்களிடம் இரக்கம் நிறைய இருந்தது. மற்ற ஏழும் இல்லை. லாரி ஓட்டுநரிடம் எட்டும் இருந்தன. நான் இன்று உங்கள் முன் சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான். இரக்கம் கடவுள் கொடுக்கும் கொடை. ஆனால் அந்த இரக்கம் கைக்கு இறங்கி வரவேண்டுமானால் பயிற்சி வேண்டும்.

லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியரை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அவர் மனமிரங்கினார் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பின் அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். அருகில் போனார். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார். கட்டுப் போட்டார். தம் வாகன மிருகத்தின்மேல் ஏற்றினார். சாவடிக்குக் கொண்டுபோய்க் கவனித்தார். மறுநாள் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்துப் பணமும் கொடுத்து, திரும்பி வருவதாகவும் சொன்னார். இன்றைய முதலுதவி வகுப்பில் நாங்கள் சொல்லித் தரும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். எண்ணெயும் இரசமும் கட்டுவதற்குத் துணியும் அவரிடம் கைவசம் இருந்தன என்பதை யோசித்துப் பாருங்கள். அவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெரிந்திருந்தது. வெறுங்கையோடும் வெறும் மனத்தோடும் போயிருந்தால், அவரும் எங்களைப்போல விசிறிக்கொண்டுதான் நின்றிருப்பார்.

முதலில் வருகிறவர் அயலாரே

"அரசாங்கம் இருக்கிறது, 108 இருக்கிறது, நாம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 108 சேவை 2008-ல் நம் மாநிலத்தில் தொடங்கியபின் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் வண்டி வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அடிபட்டவனுக்கு அந்தச் சில நிமிடங்கள்தான் ஆயுள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். வேளாங்கண்ணியிலும் நாகப்பட்டினத்திலும் கடல் ஏறி வந்தபோது, முதலில் கைகொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் குமரிக் கடற்கரை மீனவர்களைக் கடலில் சிதறடித்தபோது, தம் சொந்தச் சகோதரரைத் தேடி மீனவர்களே படகு ஏறினார்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். எந்த ஆபத்திலும் முதலில் வருகிறவர் அயலாரே. அந்த அயலாருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில்தான் ஓர் உயிர் தொங்குகிறது.

மறக்க வேண்டியவையும் கற்க வேண்டியவையும்

முழுப் பாடத்தை மேடையில் நடத்த முடியாது. கையால் செய்து பழகாமல் அது வராது. ஆயினும் நம் தெருக்களில் நான் அடிக்கடி காணும் சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்துப் பலமாக அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி வைத்து அழுத்துங்கள். கண்ணாடியோ இரும்போ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதன் இரு பக்கமும் அழுத்துங்கள்.

சாலை விபத்தில் விழுந்தவரைக் கை கால் பிடித்து மூட்டைபோலத் தூக்காதீர்கள், உட்காரவும் வைக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் நாம் தூக்குகிற தூக்கிலேயே ஆயுள் முழுவதும் கால் விழுந்துவிடலாம். தீப்பிடிக்கும் ஆபத்தோ வண்டி ஏறும் ஆபத்தோ இல்லையானால், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, காப்பி எதுவும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய் அடைக்கும்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. பல்லுக்கிடையில் கரண்டியைத் திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். சுற்றிலும் உள்ள பொருள்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனை.

அடுப்படியில் தீக்காயம் பட்டால் தாய்மார்கள் இட்லி மாவு, பற்பசை, பேனா மை என்று கைக்குக் கிடைத்ததைப் பூசுகிறீர்கள். வேண்டாம். குழாய்த் தண்ணீர் போதும். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்க வேண்டாம்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் தவறு. நம் நாட்டில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிவு மருந்து இருக்கிறது. ஆகவே பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. கடிபட்டவரை நடக்கவிடாமல், எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து, மந்திரிக்கப் போகாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கியவரைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றாதீர்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். அவருக்கு வேண்டியது காற்று. நெஞ்சு வலியை "வாயு" என்று சொல்லிச் சோடா குடித்துக் காலம் கடத்தாதீர்கள். மூச்சும் பேச்சும் நின்று ஒருவர் சாய்ந்துவிட்டால், ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, உதவி வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். ஐந்து நிமிடம் செய்தாலே வியர்த்துக் கொட்டும். ஆகவே ஆள் மாற்றிச் செய்ய வேண்டும்.

பெரியவர்களில் சிலர், "நாங்கள் அந்தக் காலத்தில் வேறுவிதமாகப் படித்தோமே" என்பீர்கள். உண்மைதான். குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்கிக் கையைத் தூக்கும் ஹோல்கர் நீல்சன் முறை 1932-ல் வந்தது. பல ஆண்டுகள் அதுவே பாடமாக இருந்தது. 1950-களின் இறுதியில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறை அதைவிடச் சிறந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டது. 1960-ல் நெஞ்சை அழுத்தும் முறை அறிவிக்கப்பட்டது. அறிவு வளரும்போது கையும் மாற வேண்டும். ஒருமுறை கற்றுச் சான்றிதழைப் பெட்டியில் வைத்தவனுக்கு என்ன நேரும் என்பதற்கு நானே சாட்சி.

சட்டத்துக்கு அஞ்ச வேண்டாம்

"உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும்" என்ற பயம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. இன்று நிலைமை வேறு. அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அந்தப் பாதுகாப்பைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குப் போட முடியாது. அவர் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. அந்தச் சட்டம் அவரை எந்தப் பெயரால் அழைக்கிறது தெரியுமா? "நல்ல சமாரியர்". ஆண்டவர் சொன்ன உவமை நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. ஆகவே பணத்துக்கு அஞ்சியும் ஒதுங்கத் தேவையில்லை. சமாரியரின் இரண்டு வெள்ளிக்காசுகூட இன்று நம்மிடம் கேட்கப்படுவதில்லை.

என் வேண்டுகோள்

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நூற்றைம்பது தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வீதம் இருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும் என்று விதித்தது. பஞ்சாலைக்கு இவ்வளவு என்றால், பண்டிகைத் திருப்பலிக்கும் தேர்ப் பவனிக்கும் கூடும் நம் கூட்டத்துக்கு எத்தனை பெட்டி வேண்டும்? இன்று நம் கோயிலில் ஒன்றுகூட இல்லை. பொன்விழாவுக்காகக் கொடிமரம் புதுப்பித்தோம். சுவருக்கு வண்ணம் பூசினோம். மின்விளக்கு அலங்காரம் செய்தோம். எல்லாம் நல்லதே. இவற்றோடு ஒரு சிறு நினைவுச் சின்னத்தையும் சேர்க்கும்படி உங்களைக் கேட்கிறேன்.

தெருவுக்கு ஒருவர் வீதம், இளைஞரும் பெண்களுமாக, முதலுதவி கற்க முன்வாருங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பின் வழியாகப் பயிற்றுநரை அழைத்துவர நான் பொறுப்பு. பயிற்சி முடிந்தபின் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம், கற்றதை இந்த மண்டபத்திலேயே செய்து பழகுவோம். சான்றிதழுக்குக் காலம் இருக்கலாம். கைப்பழக்கத்துக்குக் காலம் அதைவிடக் குறைவு.

தையல் தெரிந்த தாய்மார்கள் உதவ வேண்டும். ஒரு மீட்டர் சதுரமான காடாத் துணியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டுத் துணி கிடைக்கும். உடைந்த கையைக் கழுத்தில் தாங்கவும், தலைக்குக் கட்டவும், காலை மட்டையோடு சேர்த்துக் கட்டவும் அந்த ஒரு துணி போதும். ஐம்பது ஆண்டு விழாவுக்கு ஐம்பது துணி தைத்துக் கொடுங்கள். பெட்டியில் அவற்றோடு கட்டுத் துணிச் சுருள், பிளாஸ்திரி, கத்தரிக்கோல், கையுறை, டார்ச் விளக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை இருக்கட்டும். பெட்டியைச் சக்ரீஸ்து அறையில் பூட்டி வைக்காதீர்கள். கோயில் வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள்.

அடுத்த ஆகஸ்டில் நம் நடைப்பயணம் புறப்படும்போது, வரிசையின் முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை அணிந்த இரண்டு தொண்டர்கள் நடக்க வேண்டும். எதிரே வரும் வண்டி நம் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலப்பக்கமாகவே நடக்க வேண்டும். அப்படிச் செய்தால் அண்ணனுக்கு நாம் வாங்கிவைக்கும் பூசைகளோடு இதுவும் சேரும்.

இந்த அணியில் சேர நம் பங்கின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். அடுத்த தெருவில் இருக்கும் இந்து, முஸ்லிம் இளைஞர்களும் வரட்டும். அன்றிரவு எங்களில் நாற்பது பேரிடம் இல்லாதது எவரிடம் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. அந்த ஓட்டுநர் மருத்துவமனை வாசலில் என் கையைப் பிடித்து, "மனசைத் தளரவிடாதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கையில் இருந்த என் துண்டையும் திருப்பி வாங்கவில்லை.

அடிபட்ட ஒருவரைக் காப்பாற்ற வாய்ப்பு மிகுந்த முதல் ஒரு மணி நேரத்தைப் "பொன்னான நேரம்" என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. பொன்விழாக் கொண்டாடும் பங்குக்கு இதைவிடப் பொருத்தமான பொன் வேறு எது? இக்கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். இரண்டாம் வரியில் அண்ணனின் மகன், தானாகவே வந்து, தன் பெயரை எழுதிவிட்டான். மூன்றாம் வரி காலியாக இருக்கிறது.

ஸ்நாபக அருளப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஆரோக்கிய மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

வாழ்க நம் பங்கு! வளர்க பிறர்பணி!